கெடுங்வாரு மைதானத்தின் நீளம்

வீரர்களின் சம்பளம் வரும் திங்கட்கிழமை வந்துவிடும் என்று பெர்ஸிவாரு கழகத் தலைவர் ஹெந்திராத்மோ ஒலிபெருக்கியில் சொன்ன அன்று, கெடுங்வாரு மைதானம் ஒரு மீட்டர் நீண்டது. தெற்கு கோல் கம்பம், அதன் வலை, வலைக்குப் பின்னால் இருந்த எண்ணூறு இருக்கைகள் கொண்ட மேடை எல்லாம் அப்படியே ஒரு மீட்டர் தெற்கே போய் நின்றன. மண்ணில் வெடிப்பு இல்லை. புதிதாக வந்த இடத்தில் புல் ஏற்கெனவே முளைத்து, ஒருமுறை வெட்டியும் இருந்தது. இதை முதலில் கண்டவர் மைதானக் காவலர் கஸ்மூனி. சுண்ணாம்புக் கோடு போடுவதற்காக அவர் சரியாக நூற்றைந்து மீட்டர் நைலான் கயிறு ஒன்றைப் பலாக்கட்டையில் சுற்றி வைத்திருந்தார். இருபது வருடமாக வடக்குக் கோட்டிலிருந்து தெற்குக் கோடு வரை எட்டிய கயிறு அன்று ஒரு மீட்டர் எட்டவில்லை. அலுவலகத்தில் போய்ச் சொன்னார். மழையில் கயிறு சுருங்கியிருக்கும் என்றார் குமாஸ்தா. நைலான் சுருங்குமா என்று கஸ்மூனி கேட்டார். புதுக் கயிறு வாங்கித் தருகிறோம் என்று குமாஸ்தா சொன்னார். கஸ்மூனி மைதானத்துக்குத் திரும்பியபோது இன்னும் ஒரு சாண் குறைந்தது.

ஹெந்திராத்மோவைப் பொய்யர் என்று சொல்வது சரியாகாது. கல்யாண வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். சொன்ன நாளில் நாற்காலி வரும், ஒன்றுகூடக் குறையாது. மாவட்ட அரசு கால்பந்துக்குப் பணம் தருவதை நிறுத்தியபோது வேறு யாரும் முன்வராததால் கழகம் அவர் கைக்கு வந்தது. நாற்காலி என்றால் அவருக்குத் தெரியும். கால்பந்து என்று வந்ததும் அவருக்கு ஏதோ ஆகிவிடும். கூட்டத்தைப் பார்த்தால் கண் கலங்கும். அவர்கள் கேட்பதையெல்லாம் தந்துவிட வேண்டும் என்று தோன்றும். தருவேன் என்று சொல்கிற நொடியில் அவரே அதை முழுதாக நம்புவார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இத்தனை வருடமாக எங்கள் கஷ்டம்.

அந்த வருடப் பருவத் தொடக்க விருந்தில் வழக்கம்போல மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, மாவட்டத் தலைவர் நுனியை வெட்டிக் கொடுத்தார். ஹெந்திராத்மோ ஒலிபெருக்கியை வாங்கி, புதுப் பேருந்து, பிரேசிலிலிருந்து ஒரு முன்கள ஆட்டக்காரர், சிறுவர் பயிற்சிப் பள்ளி, இரவு விளக்குகள், மேல் லீக்குக்கு மூன்றே வருடத்தில் ஏற்றம் என்று வரிசையாகச் சொன்னார். தெற்கு மேடையில் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஐந்து மீட்டர் தள்ளிப் போயிருந்தார்கள். தட்டிலிருந்த மிளகாய்ச் சம்பால் கூடச் சிந்தவில்லை. கை கழுவத் தண்ணீர்க் குழாய்க்கு வந்தவர்கள்தான் நடை கொஞ்சம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள்.

இங்கே விகாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதானத்துக்கு எதிரே நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவர். வாருமானியா ரசிகர் சங்கத்தின் செயலாளர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ம்பாக் விகாத்தி, அதாவது அக்கா. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். மேலே எண், தேதி, பொருள். நடுவில் மூன்று கேள்விகள், அதற்கு மேல் போகாது. கீழே லீக் அலுவலகத்துக்கு ஒரு பிரதி, கோப்புக்கு ஒரு பிரதி. டிக்கெட் விற்ற பணம் எங்கே போனது, புதுப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தது யார், சட்டை விளம்பர ஒப்பந்தத்தை ஏன் யாருக்கும் காட்டவில்லை என்று கேட்பார். திட்டமாட்டார். எங்கள் ஊரில் வருவாய் வில்லை ஒட்டி, அதன்மேல் குறுக்காகக் கையெழுத்துப் போடாத சொல் சொல்லே அல்ல. ஆடு இரவல் வாங்கினாலும், இனிச் சூதாட மாட்டேன் என்று பெண்டாட்டிக்குச் சொன்னாலும், மேளச் செட்டு எடுத்துப் போனாலும் வில்லை வேண்டும். வில்லை ஒன்று பத்தாயிரம் ரூப்பியா. விகாத்தி கடையில் கண்ணாடிக்கு அடியில் தாள் தாளாக இருக்கும். ஆகவே மூன்றாவது சம்பளத் தேதியும் தவறியபோது, இனி வாய்ப்பேச்சு வேண்டாம், வில்லை ஒட்டித் தாருங்கள் என்று அவர் எழுதினார். சங்கம் முழுவதும் கைதட்டியது.

ஹெந்திராத்மோ தயங்கவே இல்லை. மேளக்காரன் லெகோவோ தலைமையில் நூறு பேர் மைதானத்தில் உட்கார்ந்திருந்தபோது நேரே வந்து, பாக்கியை முப்பது நாளில் தீர்ப்பதாக எழுதிய தாளில் வில்லை ஒட்டி, பேனாவை அழுத்திக் கையெழுத்திட்டார். வடக்கு மேடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெற்கு கோல் புறப்பட்டு, வேலியைக் கடந்து, அந்தப் பக்கம் இருந்த வாழைத்தோப்பில் போய் நின்றது. நாற்பது மீட்டர்.

"பாக், வாய்க்குள்ள மீட்டர் ஏதும் ஓடுதா?" என்று லெகோவோ கேட்டான். ஐயா என்பதற்கு நாங்கள் பாக் என்போம், வாலிபர்களை மாஸ் என்று கூப்பிடுவோம்.

ஹெந்திராத்மோ தெற்கே பார்த்தார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "மாஸ், அதச் சரி பண்ணிடுறேன். அடுத்த வாரத்துக்குள்ள" என்றார். கோல் இன்னொரு சாண் போனது.

அடுத்த வருடம் கழகத்தின் கையில் எதுவும் இல்லாமல் போனபோது, ஐந்து வருட இருக்கை அட்டை என்று ஒரு திட்டம் வந்தது. ரசிகர் இப்போதே பணம் கட்டிவிட வேண்டும். ஐந்து வருடத்துக்கு அவருக்கென்று ஓர் எண் போட்ட இருக்கை. யாரும் வாங்கமாட்டார்கள் என்று தெரிந்து ஹெந்திராத்மோ விகாத்தியிடம் வந்தார். கழகம் ஐந்து வருடமும் கெடுங்வாருவில்தான் ஆடும் என்று வில்லை ஒட்டி எழுதிக் கொடுத்தார். விகாத்தி அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடை அடைத்த பிறகு தினமும் பத்து வீடு என்று ஏறி இறங்கினார். ஓட்டு வீடு, மாடி வீடு, மீன் சந்தை, பள்ளி ஆசிரியர் குடியிருப்பு என்று அறுநூற்று நாற்பது குடும்பங்கள் அட்டை வாங்கின. அவர்கள் ஹெந்திராத்மோவை நம்பி வாங்கவில்லை. டீம் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டவர்களிடமெல்லாம் விகாத்தி, அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லியிருந்தார்.

மூன்றாம் நான்காம் வருடங்களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைதானம் அகலத்தில் அறுபத்தெட்டு மீட்டராகவே இருந்து, நீளத்தில் வாழைத்தோப்பைக் கடந்து, கரும்பு லாரிகள் போகும் சாலையைக் கடந்து, வயல்களுக்குள் இறங்கியது. நெல் இருந்த இடத்தில் ஆட்டப் புல் முளைத்ததால் விவசாயிகள் நிர்வாகத்திடம் வந்தார்கள். இழப்பீடு தருவதாக ஹெந்திராத்மோ வில்லை ஒட்டி எழுதிக் கொடுத்தார். அதனால் மைதானம் அடுத்தவர் வயலுக்குள் போனது. அவரும் வந்தார். இப்படிப் பன்னிரண்டு பேர் வந்த பிறகு பதின்மூன்றாவது விவசாயி, எனக்கு எதுவும் எழுதித் தர வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் புல்லில் மாடு மேய்க்க ஆரம்பித்தார். ஒரு தையற்காரரின் வீடு ஆட்டப் பரப்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் பந்து ஆட்டத்தில் இருக்கிறது, ஜன்னல் வழியே உள்ளே போனால் எறிபந்து என்று நடுவர் முடிவு செய்தார். லீக் அலுவலகத்திலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்து, விதிப்படி நூற்று இருபது மீட்டருக்கு மேல் கூடாது என்று கண்டித்து, பருவம் முடிவதற்குள் சரிசெய்வதாக எழுதி வாங்கிக்கொண்டு போனார். அவர் காரில் ஏறுவதற்குள் மேலும் நாற்பது மீட்டர்.

கால்பந்தும் நடந்துகொண்டுதான் இருந்தது. முதல் ஐந்நூறு மீட்டர் வரை எங்களுக்கு அது நல்லதாகவே இருந்தது. வெளியூர் அணிகள் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். ஒரு கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு யாராலும் கோல் போட முடியவில்லை. ஒரு பருவத்தில் எங்கள் ஊரில் நடந்த பதினேழு ஆட்டங்களில் பதினாறு கோலின்றி முடிந்தன. பதினேழாவதில் ஒரு கோல் விழுந்ததாகச் செவ்வாய்க்கிழமை தெரியவந்தது. கோல்காப்பாளர் பிராப்தோ தெற்குப் பக்கம் நிற்க வேண்டிய நாள்களில் காலையிலேயே சோற்றுப் பொட்டலத்தோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். எட்டு மாதச் சம்பளம் பாக்கி. பொழுது போகாமல் கம்பத்துக்குப் பக்கத்தில் டெம்பே என்கிற சோயாக் கட்டியை வறுத்து விற்க ஆரம்பித்தார். அதில் வந்த பணம் கழகம் எப்போதாவது தந்ததைவிட அதிகமாக இருந்தது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் போய்ச் சேரும்போது கோலும் கடையும் அங்கே இருக்காது.

"சம்பளம் கேட்டா நாளைக்குங்கறார். நாளைக்குன்னா கோல் நகந்துடுது. கோலத் தேடிப் போறதுக்கே பெட்ரோல் போட வேண்டியிருக்கு ம்பாக்" என்று அவர் விகாத்தியிடம் சொன்னார். "தயவு செஞ்சு எனக்காக யாரும் அவர்கிட்டக் கேக்காதீங்க."

தெற்கு மேடை அட்டைக்காரர்களும் விகாத்தி கடைக்குத்தான் வந்தார்கள். வாங்கும்போது எட்டு நிமிட நடையில் இருந்த இருக்கைக்கு இப்போது வேன் பிடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் சத்தம் போடவில்லை. அட்டையை மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். அது சத்தத்தைவிட மோசம். விகாத்தி ஒரு வாரம் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டு, கோப்பையும் கஸ்மூனியின் அளவுக் குறிப்பையும் பக்கத்தில் வைத்து ஒரு பட்டியல் போட்டார். இடது பக்கம் வாக்குறுதி, வலது பக்கம் மீட்டர். வழியில் நின்று சொன்னது ஒரு சாண். ஒலிபெருக்கியில் சொன்னது ஒரு மீட்டர். வில்லை ஒன்றுக்கு நாற்பது மீட்டர், பிசகே இல்லை. பூஜ்யம் என்று இருந்தது ஒரே ஒரு வரி: பெண்கள் கழிவறைக் குழாய். அதைச் சரிசெய்வதாக ஹெந்திராத்மோ சொன்னபோது மைதானம் ஒரு சாண் நீண்டிருக்கிறது, குழாய் சரியான அன்று அந்தச் சாண் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அந்தக் குழாயைச் சரிசெய்த ஆள் உண்மையில் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்பட்டவர். கட்டடம் மாறி வந்துவிட்டார். முந்நூற்றுப் பதினோரு வாக்குறுதிகளில் நிறைவேறியது அது ஒன்று. மைதானம் மூன்று கிலோமீட்டர் நூற்று நாற்பத்தைந்து மீட்டர். அதில் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது மீட்டர் விகாத்தி தொடங்கி வைத்த வழக்கப்படி வில்லை ஒட்டி வாங்கிய எழுபத்தோரு தாள்களால் வந்தது. அந்த வில்லைகளை விற்றதும் அவரே.

சங்கக் கூட்டத்தில் அவர் பட்டியலை நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். இனி எழுதி வாங்க வேண்டாம் என்றார். லெகோவோவுக்கு அது பிடிக்கவில்லை. எழுதி வாங்காவிட்டால் ஏமாற்றிவிடுவார் என்றான். எழுதி வாங்கியும் ஏமாற்றத்தானே செய்கிறார் என்றார் விகாத்தி. அப்படியானால் ஏமாற்றினார் என்பதற்குச் சாட்சியாவது இருக்கிறதே என்றான் அவன். பாதிப்பேர் அவன் பக்கம் இருந்தார்கள். அன்று முதல் விகாத்தி கழகத்துக்கு வில்லை விற்பதை நிறுத்தினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

ஐந்தாம் வருடம் மழைக்காலம் முடிந்ததும், தெற்கே பதினான்கு கிலோமீட்டரில் இருக்கும் ராண்டுகெடே நகரத்து சிமென்ட் வியாபாரி ரோஸிஹான் கழகத்தின் உரிமத்தை விலைபேசினார். உரிமம் கைமாறினால் கழகம் பெயர், சட்டை, லீக் இடம் எல்லாவற்றோடும் வாங்கியவர் ஊருக்குப் போய்விடும். இந்தத் தீவில் எத்தனையோ ஊர்களுக்கு அது நடந்திருக்கிறது. ராண்டுகெடேக்காரர்களோடு எங்களுக்கு மூன்று தலைமுறைச் சண்டை. பெண் எடுப்போம், பெண் கொடுப்போம், கார்னர் கொடுக்கமாட்டோம். ஒப்பந்த நாள் காலை ஹெந்திராத்மோவின் நாற்காலிக் கடைக் குமாஸ்தா விகாத்தியிடம் வந்து, கல்யாண மாத வாடகை ஒப்பந்தங்களுக்கு என்று இருநூற்று எழுபத்திரண்டு வில்லைகள் கேட்டார். கல்யாண மாதம்தான், விகாத்தி எண்ணிக் கொடுத்தார். இவ்வளவு விற்ற நாளே இல்லை என்று மத்தியானம் கடைப்பெண்ணுக்கு இறைச்சி உருண்டை போட்ட பக்ஸோ சூப் வாங்கித் தந்தார்.

மாவட்ட மண்டபத்தில் பதினேழு வாக்குறுதிகள் வாசிக்கப்பட்டன. விற்றவர், வாங்கியவர், பதினான்கு சாட்சிகள் என்று பதினாறு பேர், ஒவ்வொரு வாக்குறுதிக்குக் கீழேயும், காலையில் விகாத்தி எண்ணிக் கொடுத்ததிலிருந்து ஆளுக்கொரு வில்லை ஒட்டிக் கையெழுத்திட்டார்கள். விழா இரண்டு மணி நேரம் நடந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் மைதானம் பத்து கிலோமீட்டர் எண்ணூற்று எண்பது மீட்டர் நீண்டது. தெற்கு கோல் நிதானமாக, ஒரு மாட்டு வண்டியின் வேகத்தில், சோளக்கொல்லைகளையும் ஸிராஹ் ஆற்றையும் கடந்து, ராண்டுகெடே நகரச் சதுக்கத்தில் ஆலமரத்துக்கும் ஐஸ் வண்டிகளுக்கும் நடுவில் வந்து நின்றது. கடையை விட்டு இறங்காமல் பிராப்தோவும் கூடவே போனார், எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததாம். ஆற்றின் மேல் புல் வளையாமல் நேராகக் கிடந்தது. கீழே படகுகள் போயின. ரோஸிஹானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கழகம் தானாகவே வந்துவிட்டது என்று தொலைபேசியில் எல்லோரிடமும் சொன்னார்.

அப்படி இல்லை என்று லீக் அலுவலகம் சொன்னது. விதிப்புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ஆகஸ்டு மாதம் முதல் திங்கட்கிழமை மைதானத்தின் நடுப்புள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, கழகம் அந்த மாவட்டத்துக்கு உரியது. ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்பதை அந்தப் புள்ளிதான் சொல்லும். நூற்றைந்து மீட்டர் மைதானங்களுக்காக எழுதிய விதி. அதுவரை யாரும் அதைப் படித்திருக்கத் தேவை இருந்ததில்லை. கஸ்மூனியும் விகாத்தியும் அன்றே மோட்டார் சைக்கிளில் தெற்கே போனார்கள். நடுப்புள்ளி ஸிராஹ் ஆற்றின் வடகரையில், ஒரு சோளக்கொல்லையின் ஓரத்தில், சுண்ணாம்பு காயாமல் இருந்தது. மாவட்ட எல்லைக்கல் அதிலிருந்து தெற்கே நின்றது. கஸ்மூனி நாடாவைப் பிடித்தார். பத்தொன்பது மீட்டர்.

விகாத்தி கொல்லையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். வில்லை ஒன்றுக்கு நாற்பது. மைதானம் நாற்பது நீண்டால் நடுப்புள்ளி இருபது நகரும். இன்னும் ஒரே ஒரு வில்லை ஒட்டினால் கழகம் ஒரு மீட்டர் வித்தியாசத்தில் ராண்டுகெடேக்குப் போய்விடும். முதல் திங்கட்கிழமைக்கு நாற்பது நாள் இருந்தது.

அந்த நாற்பது நாள் எங்கள் ஊரில் யாரும் ஹெந்திராத்மோவிடம் எதையும் கேட்கவில்லை. படிக்கிறவர்களுக்கு இது எளிதாகத் தோன்றலாம். ஐந்து வருடக் கோபம் உள்ளே இருக்கிறது. விற்றவர் கண்ணெதிரே நடந்து போகிறார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் விளக்குவார், விளக்கினால் எப்படிச் சரிசெய்யப் போகிறேன் என்று சொல்வார். வாருமானியாக்காரர்கள் வாய் நிறையத் தர்பூசணி விதை போட்டுக் கொறித்துக்கொண்டே திரிந்தார்கள். விதைத் தோல் வடக்கு மேடையில் கணுக்கால் அளவு கிடந்தது. லெகோவோ அவரைக் கண்டால் மேளத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வான். பிராப்தோ வீட்டுக்குச் சங்கம் அரிசி கொடுத்தது, சம்பளம் என்ற சொல் யார் வாயிலும் வராமல் இருக்க. பத்திரிகைக்காரர்களை மீன் சந்தைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். எப்படி என்று தெரியாது, யாரும் பேட்டி எடுக்க வரவில்லை. விகாத்தி ஆறு திங்கட்கிழமைகள் கடிதம் எழுதவில்லை. பழக்க தோஷத்தில் எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டுத் தாளைக் கிழித்துப் போடுவார்.

முப்பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஹெந்திராத்மோ நகல் கடைக்கு வந்தார். இளைத்திருந்தார். இரண்டு கல்யாணங்களில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஊரே அவரிடம் சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. அதற்கும் அவர் ஏதாவது பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

"ஒரு லெட்டர் போடக் கூடாதா ம்பாக்?" என்றார். "திங்கக்கிழமையானா வரும். இப்ப கரண்ட் பில் மட்டும்தான் வருது."

எழுத ஒன்றும் இல்லை என்றார் விகாத்தி.

"ரோஸிஹான் இன்னும் பணமே தரல. தர்றேன் தர்றேங்கறார். இப்பிடிக் கேட்டுக்கிட்டு நிக்கறது எவ்வளவு கேவலம்னு எனக்குத் தெரியல பாருங்க, இத்தன நாளா." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். சொந்தக் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இருந்தது. கழகத்தை விற்கமாட்டேன், ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவேன், கெடுங்வாருவை விட்டுக் கழகம் எங்கும் போகாது. விகாத்தி நாற்பத்தோரு கடிதங்களில் கேட்டது இதைத்தான். "ஒரே ஒரு ஸ்டாம்பு குடுங்க. இது மனசாரச் சொல்றேன். நான் கழகத்த விக்க மா..."

விகாத்தி நகல் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார். அது பழைய இயந்திரம், அரிசி ஆலை மாதிரி இரையும். வெற்றுத் தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஹெந்திராத்மோவின் உதடுகள் அசைந்து நின்றன. அவர் கண்ணில் நீர் இருந்தது, அது உண்மையான நீர். பட்டியலில் இருந்த முந்நூற்றுப் பதினோரு தடவையும் அது உண்மையாகத்தான் இருந்தது. இந்தத் தடவை ஒருவேளை குழாய் மாதிரி இருக்கலாம் என்று விகாத்திக்குத் தோன்றியது. அறுநூற்று நாற்பது வீடுகளின் கதவுகளும் தோன்றின. நூறு தாள் தீர்ந்து இயந்திரம் தானாக நின்றது.

"ஸ்டாம்பு தீந்துபோச்சு பாக்" என்றார்.

கண்ணாடிக்கு அடியில் மூன்று தாள் வில்லைகள் இருந்தன. இருவரும் அவற்றைப் பார்த்தார்கள். தபால் நிலையம் ஞாயிற்றுக்கிழமை திறக்காது.

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"செய்யறதா இருந்தா, சொல்லாமச் செய்யுங்க பாக்."

அவர் அதைக் கேட்டு, கணக்கு வராத வாடிக்கையாளர் போலத் தாளை மறுபடி ஒருமுறை வாசித்தார். பிறகு தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லீக் அலுவலக ஆள்கள் மூன்று பேர், இரண்டு மாவட்ட நில அளவையாளர்கள், இரண்டு ஊர் ரசிகர்கள் சுமார் ஏழாயிரம் பேர் சோளக்கொல்லையில் கூடினார்கள். உட்கார நாற்காலிகள் ஹெந்திராத்மோ கடையிலிருந்து சொன்ன நேரத்துக்கு வந்திருந்தன. ராண்டுகெடேக்காரர்கள் தாளம் போட்டுப் பாடினார்கள். எங்கள் ஆட்கள் விதை கொறித்தார்கள். ரோஸிஹான் தன் ரசிகர்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கஸ்மூனி வேண்டுமென்றே சுண்ணாம்பு வாளியை அவர் காலில் கொட்டினார். ஹெந்திராத்மோ முன்வரிசையில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் செய்யவில்லை; எதையும் சொல்லவும் இல்லை. அது அவர் வாழ்க்கையில் பெரிய காரியம் என்று அப்புறம் சிலர் சொன்னார்கள். அளவையாளர்கள் இருமுறை அளந்தார்கள். நடுப்புள்ளி எல்லைக்கல்லுக்கு வடக்கே பத்தொன்பது மீட்டரில், கெடுங்வாரு மாவட்டத்தில் இருக்கிறது என்று எழுதி, வெறும் மையில் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்தம் செல்லாது என்று ஆனது. ரோஸிஹான் காலைக் கழுவிக்கொண்டு ஊர் திரும்பினார்.

லீக் அலுவலகம் ஒவ்வோர் ஆகஸ்டிலும் வந்து அளக்கிறது. கோல் இன்றும் ராண்டுகெடே சதுக்கத்தில்தான் நிற்கிறது. அங்குள்ளவர்கள் திட்டிக்கொண்டே பிராப்தோவின் டெம்பேயை வாங்கித் தின்கிறார்கள். தங்கள் ஊரில் நிற்கும் கோலில் பந்து விழக் கூடாது என்பதில் எங்களைவிடப் பிடிவாதமாக இருக்கிறார்கள். ஐந்து வருடம் முடிந்து விகாத்தி மறுபடி வீடு வீடாகப் போனபோது அறுநூற்றுப் பதினொரு குடும்பங்கள் அட்டையைப் புதுப்பித்தன. டீம் இருக்குமா என்று கேட்டவர்களை அவர் மைதானத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். சம்பளம் சில மாதம் வருகிறது, சில மாதம் வருவதில்லை. டிக்கெட் பணம் எங்கே போகிறது என்று தெரியாது. புதுப் பயிற்சியாளர் ஹெந்திராத்மோவின் சகலை.

வருடத்துக்கு ஒருமுறை, பருவம் முடிந்த கையோடு, லெகோவோ கடைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்கிறான். "ம்பாக், அந்த ஆள ராஜினாமா பண்ணச் சொல்லிடலாம்ல? ஒரு தடவ வாய விட்டுக் கேட்டாத்தான் என்ன?"

"கேட்டா, பண்றேன்னு எழுதிக் குடுத்துடுவார் மாஸ்" என்கிறார் விகாத்தி.

ஆகவே ஹெந்திராத்மோ தலைவராக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் காலை எட்டு மணிக்குத் தொடங்குகின்றன. தெற்குப் பாதிக்குப் போகும் வேன் மீன் சந்தை வாசலிலிருந்து ஏழே காலுக்குப் புறப்படும். இருக்கை அட்டை உள்ளவர்களுக்குப் பாதிக் கட்டணம்.